காது வைக்கும் தொழில்

சென்ற சித்திரையில் எங்கள் வீட்டு ஏசி, இரவானால் ‘கிர்ர்... கிர்ர்’ என்று அரைக்க ஆரம்பித்தது. முதலில் வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல் “கேஸ் கம்மி” என்றார். நிரப்பினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவும் அதே அரைப்பு.

மறுவாரம் நண்பர் ஒருவர் திருவல்லிக்கேணியிலிருந்து வேறொரு மெக்கானிக்கை அனுப்பிவைத்தார். வந்தவர் பையைத் திறக்கவில்லை. “ஃபேனை நிறுத்துங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தரையில் சம்மணமிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டார். “பிளோயர் புஷ் போயிருக்கு. கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.” உள்ளே உருளை போலச் சுற்றும் விசிறியின் ஒரு முனையைத் தாங்கும் ரப்பர் புஷ் காய்ந்து இறுகிக் கிடந்தது. மாற்றினார், சத்தம் நின்றது.

அந்தக் காது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு நாள் கூடவே வரட்டுமா என்று கேட்டேன். “மே மாசம் சார், சாப்பிட நேரம் இருக்காது, பரவாயில்லையா?” என்றார்.

அவர் கடை ஐஸ் ஹவுஸ் பக்கத்துச் சந்தில். அமெரிக்காவில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க 1842-இல் எழுப்பிய கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம். நாம் ‘ஒன்றரை டன் ஏசி’ என்கிறோமே, அந்த டன்னும் பனிக்கட்டிக் கணக்குதான். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி. வண்டியில் போகும்போது இதைச் சொன்னேன். இருபது வருடமாக அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகிறவர், வேகத்தைக் குறைத்து ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

முதல் வீடு மயிலாப்பூரில், மூன்றாம் மாடி. அவுட்டோர் ‘ம்ம்ம்’ என்று முனகும், சில விநாடியில் ‘டக்’கென்று அடங்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகும். கம்ப்ரசரே போய்விட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, வீட்டம்மா புது ஏசிக்கு விலை விசாரித்து வைத்திருந்தார். யூனிட் நிற்பது ஒன்றரை அடி சன்ஷேடில். மெக்கானிக் இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு தானே இறங்கினார். ஹெல்பர் பையனை இறக்கவில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கம்ப்ரசரின் உடம்பில் வைத்தார். பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டி, எட்டிக் கேட்கச் சொன்னார். தெருவின் இரைச்சல் சட்டென்று விலகி, இரும்புக்குள் ஏதோ ஒன்று புரள முயன்று புரள முடியாமல் திணறுவது தெளிவாகக் கேட்டது. “சுத்தி உள்ள அடி வாங்குனா ‘கட கட’ன்னு இடிக்கும். இது சுத்தவே இல்ல. கெப்பாசிட்டர்.” கம்ப்ரசரை உந்திக் கிளப்புவது அதுதான். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் அதை முதலில் இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். தலைப்பகுதி உப்பியிருந்தது. 50 என்று அச்சிட்டிருந்தது, மீட்டரில் 31 காட்டியது. புதியதை மாட்டியதும் கம்ப்ரசர் ஒரே சீராக ஓடியது. வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்து சாந்தோமில் ஒன்பதாம் மாடி. காற்றடிக்கும்போது மட்டும் உள்ளே ‘களக் களக்’. கடற்காற்று தண்ணீர்க் குழாய் வழியே ஏறி, தட்டில் நிற்கும் நீரைக் கலக்குகிறது. இயந்திரத்தில் பழுதே இல்லை. குழாயில் ஒரு வளைவு கொடுத்தார், சத்தம் நின்றது. வீட்டுக்காரரின் முகம் மாறியது. “பைப்பை வளைச்சதுக்கா விசிட் சார்ஜ்?” பாதிப் பணம்தான் கிடைத்தது.

மூன்றாவது வீட்டில் ‘உஸ்’ஸென்ற மெல்லிய சீறல். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார், எந்த சுவிட்சையும் தொட வேண்டாம் என்றார். இப்போது வரும் பல ஏசிகளில் உள்ள ஆர்32 என்ற கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது. சோப்பு நுரையைத் தடவ, நட்டு ஓரத்தில் குமிழ்கள் கொப்பளித்தன.

டீக்கடையில் நின்றபடி சொன்னார்: “கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற பொருள் இல்ல சார். மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். கம்மியாச்சுன்னா எங்கயோ ஓட்டை. அதை அடைக்காம நிரப்புறது வேஸ்ட்டு.” நிறுத்திய பிறகு ஓரிரு நிமிடம் கேட்கும் சலசலப்பு, பிளாஸ்டிக் குளிர்ந்து சுருங்கும் ‘டிக்’ இவற்றுக்கெல்லாம் பயப்படத் தேவையில்லை என்றார். சற்றுப் பொறுத்து, “கேஸ்னு சொன்னா ரெண்டாயிரம் எடுத்துக் குடுக்கறாங்க. கேட்டுக் கண்டுபிடிச்சேன்னா, இருநூறுக்கு யோசிக்கிறாங்க” என்றார்.

எனக்கு முதலில் வந்தவரின் நினைவு வந்தது. தேவையில்லாமல் கேஸ் நிரப்பியது தவறுதான். ஆனால் பொருளுக்கு மட்டுமே பணம் தருவோம் என்று நாம் பிடிவாதமாக நின்றால், பொருளை விற்கத்தான் ஆள் வருவார்கள்.

உங்கள் வீட்டு ஏசி புதிதாக ஒரு சத்தம் போட்டால், அது எப்போது வருகிறது, உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று குறித்துவையுங்கள். இடிப்போ கருகல் வாடையோ இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மெக்கானிக் வந்ததும் டிவியை அணைத்து, அவர் கேட்க ஐந்து நிமிடம் கொடுங்கள். கடைசியில் ஒரே ஒரு திருகைத்தான் முறுக்கினார் என்றாலும், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.