சும்மா திருப்புனேன், அவ்வளவுதான்

மினி ப்ராஜெக்ட் ரிவியூ நெருங்கும்போது நம்ம லேபில் ஒரு மந்திரம் சுற்றும். "டேய், போனை சாய்ச்சா ஆப் கிராஷ் ஆகுதுடா" என்று ஒருத்தன் கத்துவான். "மேனிஃபெஸ்ட்ல ஸ்கிரீன் ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட்னு போட்டுடு" என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வரும். ஒரே வரி. கிராஷ் போயிடும், மார்க் வந்துடும். இந்த ஒரு வரி மேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே கோபம். காரணம் எங்க அம்மா.

அம்மா ஊரில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். 16 பேர் இருக்கும் குழு. மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரின் சேமிப்பு, கடன் பாக்கி, வட்டி, தவணை என்று 4 கட்டத்தில் கணக்கு எழுதணும். நோட்டில் எழுதிய வரைக்கும் பிரச்சினை இல்லை, கணக்கு நோட்டு அகலமானது. அப்புறம் ஒரு ஆப் வந்தது. எந்த ஆப் என்று இங்கே வேண்டாம். போனை நேராகப் பிடித்தால் 4 கட்டமும் ஸ்கிரீனில் அடங்காது. எனவே யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அம்மா போனைப் படுக்கையாகத் திருப்பினார். 14 பேருக்குப் போட்டு முடித்து, 15வது ஆளுக்கு 500 என்று டைப் செய்துகொண்டிருந்த நேரம் அது.

14 பேரும் காணோம். பெட்டியில் 500 மட்டும் அப்படியே நின்றது.

பணத்தைக் கையில் வாங்கியாச்சு. 15 பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். "நான் கட்டுனது எங்கக்கா?" என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டாராம். அம்மாவுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. ராத்திரி ஹாஸ்டலுக்கு போன் பண்ணி முதலில் சொன்னதே, "கண்ணு, நான் எதையும் அமுக்கவே இல்ல. சும்மா திருப்புனேன், அவ்வளவுதான்."

அந்த ஆப்பின் கோடு என்னிடம் இல்லை. ஆனால் அந்த 500 போதும், உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டில் போனைத் திருப்பினால் ஸ்கிரீன் மட்டும் திரும்புவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆக்டிவிட்டியையே சிஸ்டம் கொன்றுவிட்டு, ஆன்டிஸ்ட்ராய் வரை போய், மறுபடி ஆன்கிரியேட்டிலிருந்து புதிதாகப் பிறப்பிக்கிறது. சாகும் முன் ஒவ்வொரு வியூவிடமும் "உன்கிட்ட என்ன இருக்கு, கொடு" என்று கேட்டு ஒரு பண்டிலில் கட்டி வைக்கும். ஐடி உள்ள எடிட்டெக்ஸ்ட் தன் எழுத்தைத் தானே கொடுத்துவிடும். அதனால்தான் 500 பிழைத்தது. ஆனால் ஆக்டிவிட்டி கிளாஸுக்குள் வெறும் அர்ரேலிஸ்டாக வைத்திருக்கும் 14 பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். பழைய ஆப்ஜெக்டோடு அதுவும் குப்பைக்குப் போகும்.

இதென்ன கொடுமை, எதுக்குக் கொல்லணும் என்று தோன்றும். எனக்கும் இரண்டாம் வருஷத்தில் அப்படித்தான் தோன்றியது. காரணம் ரெஸ் ஃபோல்டரில் இருக்கிறது. லேஅவுட் என்ற ஃபோல்டர் பக்கத்திலேயே லேஅவுட்-லேண்ட் என்று இன்னொன்று வைத்தால், படுக்கையாக இருக்கும்போது சிஸ்டம் அதிலிருந்து எடுக்கும். டேப்லெட்டுக்கு எஸ்டபிள்யூ600டிபி, தமிழுக்கு வேல்யூஸ்-டிஏ, இருட்டுக்கு நைட். போன் திரும்பிய நொடியில் இதில் எது பொருந்தும் என்பது மாறிவிடுகிறது. லேஅவுட், எழுத்து, படம், இடைவெளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட புதிதாகவே கட்டிவிடுவது சுலபம் என்று ஆண்ட்ராய்டு முடிவெடுத்தது. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1இல் கீபோர்டைப் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கணும், திறந்ததும் ஸ்கிரீன் படுக்கையாகிவிடும். ஆக, திருப்புவது முதல் நாளிலிருந்தே இருக்கிற சாதாரண விஷயம்.

இந்த ஃபோல்டர் விளையாட்டில் சில குழிகள் உண்டு. லேண்டில் மட்டும் ஒரு லேஅவுட்டை வைத்து சாதாரண ஃபோல்டரில் வைக்காவிட்டால், போன் நேராக இருக்கும்போது ஆப் விழும். ஒரு பட்டன் ஒரு லேஅவுட்டில் இருந்து மற்றதில் இல்லையென்றால், ஃபைன்ட்வியூபைஐடி நல் கொடுக்கும், அப்புறம் நமக்குப் பழகிய அந்தச் சிவப்பு எழுத்துதான். பெயரில் வரிசையும் முக்கியம்: மொழி முதலில், ஓரியன்டேஷன் பிறகு. லேண்ட்-டிஏ என்று மாற்றி எழுதினால் பில்டே ஆகாது.

லேஅவுட்-லேண்ட் என்றால் அதே டிசைனை அகலமாக இழுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நிறைய போன்களில் படுக்கையாக வைத்தால் உயரம் 360 டிபி அளவுதான் மிஞ்சும். கீபோர்டு மேலே வந்தால் அதில் பாதிக்குமேல் போய்விடும், சேமி பட்டன் அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும். சில சமயம் கீபோர்டு முழு ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு டைப் செய்கிற பெட்டியை மட்டும் காட்டும், யாருக்குப் போடுகிறோம் என்பதே தெரியாது. அம்மாவின் கணக்குக்கு நான் வரைந்து பார்த்தது: இடப்பக்கம் பெயர்ப் பட்டியல், வலப்பக்கம் 4 கட்டம், முழுதும் ஸ்க்ரோல்வியூவுக்குள். "தவணை பாக்கி" மாதிரித் தமிழ்ச் சொற்கள் உடையாமல் உட்கார அந்த அகலம் வேண்டும்.

ப்ளே ஸ்டோரில் இதையெல்லாம் சொல்லி நீளமாக ஒரு ரிவ்யூ எழுதினேன். அடுத்த அப்டேட்டில் சரி செய்தார்கள். எப்படித் தெரியுமா? போர்ட்ரெய்ட் லாக்! இப்போது கணக்கு மறைவதில்லை, நாலாவது கட்டத்தை அம்மா விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கிறார்.

மறைவதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. திருப்புவது மட்டுமே ஆக்டிவிட்டியைக் கொல்வதில்லை. டார்க் மோடை மாற்றினாலும், எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாலும், போனின் மொழியை மாற்றினாலும் இதே கதைதான். கான்ஃபிக்சேஞ்சஸில் எல்லாவற்றையும் எழுதித் தப்பித்தாலும், வேறொரு ஆப்புக்குப் போயிருக்கும்போது மெமரி பற்றாமல் சிஸ்டம் மொத்த ப்ராசஸையே முடித்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. 2017இல் அறிமுகமான வியூமாடல் திருப்பலைத் தாண்டும், ப்ராசஸ் சாவைத் தாண்டாது. ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட் அதைத் தாண்டும், ஆனால் சின்னச் சின்ன விஷயம்தான் அதில் வைக்கலாம். என்னைக் கேட்டால், பணக் கணக்குக்கு இரண்டுமே பற்றாது. சேர் பட்டனை அமுக்கிய அதே நொடியில் ரூம் டேட்டாபேஸில் எழுதிவிட வேண்டும். அப்புறம் திருப்பட்டும், பேட்டரி தீரட்டும்.

சோதித்துப் பார்ப்பது 2 நிமிஷ வேலை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டிஸ்" என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு உங்கள் ப்ராஜெக்டில் ஒரு ஃபார்மைப் பாதி நிரப்பி, ஹோமுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். ரிவியூ பேனலுக்கு முன்னால் வேண்டாம்.

லாக் பண்ணுவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வீல்சேரின் கைப்பிடியில் போனையோ டேப்லெட்டையோ ஒரே திசையில் மாட்டி வைத்திருப்பவர்களால் அதைத் திருப்ப முடியாது. படுக்கையாக மாட்டியவருக்கு நம் ஆப் பக்கவாட்டில்தான் தெரியும். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 இதற்கென்றே 1.3.4 என்று ஒரு விதி வைத்திருக்கிறது: அவசியம் இல்லாமல் ஒரே ஓரியன்டேஷனுக்குள் யாரையும் அடைக்காதே.

கூகுளும் இப்போது அந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஆண்ட்ராய்டு 16ஐ, அதாவது ஏபிஐ 36ஐக் குறிவைத்துக் கட்டும் ஆப்புகளில், 600 டிபியும் அதற்கு மேலும் உள்ள பெரிய ஸ்கிரீனில் இந்தப் போர்ட்ரெய்ட் வரியை சிஸ்டம் கண்டுகொள்ளாது. கேம்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் இப்போதைக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதையும் அடுத்த ஏபிஐயில் எடுத்துவிடுகிறார்கள்.

குழுவில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு டேப்லெட் வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பெரிய ஸ்கிரீன், எல்லாரும் பார்க்கலாம் என்று அம்மாவுக்கு சந்தோஷம். எந்த டேப்லெட் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது வாங்கினாலும் முதல் இரண்டு மூன்று கூட்டத்துக்கு நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் ஆப்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.