குனியாத நாட்கள்

உங்களில் எத்தனை பேர் இரவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறீர்கள்? விடியும்போது தொண்டை வரண்டு கிடக்கிறதா? பதினைந்து வருடமாக எனக்கு அப்படித்தான். பீனிசம் என்று எண்ணி, ஆவி பிடித்தும் கொத்தமல்லி அவித்துக் குடித்தும் காலத்தைக் கடத்தினேன்.

காது, மூக்கு, தொண்டை நிபுணர் மெல்லிய கமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர் ஒரு பக்கம் வளைந்திருந்தது. அநேகருக்கு அது கொஞ்சம் கோணல்தானாம். மூச்சை அடைத்தால்தான் வைத்தியம். முதலில் ஸ்பிரே தந்தார். சரிவராததால் சத்திரசிகிச்சை.

மூக்கின் வடிவம் கெட்டுவிடுமென்று உம்மா அழுதார். வெளியில் ஒரு கீறலும் இல்லை. எல்லாம் துவாரத்தின் வழியாகவே. மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. கஷ்டம் கண் விழித்த பிறகுதான். இரு பக்கமும் பஞ்சு அடைப்பு. தண்ணீர் விழுங்கினால் காதும் அடைத்தது. மறுநாள் பஞ்சை எடுத்தார்கள். உள்ளே வைத்த பிளாஸ்டிக் தகடுகள் ஒரு வாரம் இருந்தன.

மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார் டொக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன். தொழுகையைக் கதிரையில் இருந்தே தொழுதேன். ஆனால் நான்காம் நாள், ஊறப்போட்ட உடுப்பு வாளியைத் தூக்கினேனே! மகளின் வெள்ளைச் சீருடையில் சொட்டுச் சொட்டாக இரத்தம். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தும் நிற்கவில்லை. திரும்பவும் வைத்தியசாலைக்கு ஓடினோம்.

டொக்டர் ஏசவில்லை. "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் கணவரும், பத்தொன்பது வயது மகனும் நின்றார்கள். மூவருமே நிலத்தைப் பார்த்தோம். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "வாளியைத் தூக்குங்கள்" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

அன்றிலிருந்து சமையல் மகனுடையது. சோறு அடிப்பிடித்தது. எனக்குத்தான் வாசமே தெரியாதே, நன்றாகச் சாப்பிட்டேன்!

உப்புநீரால் மூக்கைக் கழுவி வந்தேன். வீக்கம் வற்ற வாரங்கள் சென்றன. தூசிக்கு வரும் தும்மல் இன்னும் இருக்கிறது. அது ஒவ்வாமை, வளைவை நிமிர்த்தினால் போகாது. ஆனால் வாயை மூடித் தூங்குகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

ஒருநாள் முன்னறையில் இருந்தபோது பால் கருகும் வாசம் வந்தது. முதலில் அறிந்தது நான்தான். எழும்பவில்லை.

"அடுப்பை அணைங்க மகன்" என்றேன்.