டாக்டர் வருவதற்கு முந்தைய பத்து நிமிடம்

அமெரிக்காவில் குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போகிறவரைக் காத்திருப்பு அறையின் கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் டாக்டர் இல்லை. பெரும்பாலும் நர்ஸும் இல்லை. ஸ்க்ரப்ஸ் போட்டுக் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குவதால் நோயாளிகள் நர்ஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டிருப்பதில்லை. எடை பார்ப்பார், பிரஷர் எடுப்பார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதற்காவது அலர்ஜி உண்டா என்று கேட்பார். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டு, டாக்டர் இதோ வந்துவிடுவார் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். இவர்தான் மெடிக்கல் அசிஸ்டன்ட். அந்த நாட்டில் ஏழரை லட்சம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எழுதிவைக்கும் எண்களைப் பார்த்துத்தான் அடுத்த பத்து நிமிடத்தில் டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார். எண் தப்பாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் தப்பான முடிவைத்தான் எடுப்பார். பயிற்சி வகுப்புகளில் பாடத்திட்டம் என்று கையில் கொடுக்கும் கற்றையில் உடலியல், மருத்துவச் சொற்கள், கிருமி நீக்கம், இன்சூரன்ஸ் குறியீடு என்று எத்தனையோ இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் பல வருடம் இருந்தவர்களைக் கேட்டால், உள்ளதை உள்ளபடி அளந்து எழுதக் கற்பதுதான் பயிற்சியின் பெரும்பகுதி என்பார்கள். அது சுலபமில்லை. அவசரம் ஒரு பக்கம் இழுக்கும், நோயாளியின் முகம் ஒரு பக்கம் இழுக்கும்.

படிப்புக்கான வழிகள் பல. கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருடம் படிக்கலாம். சில மாதங்களில் முடித்துத் தரும் தனியார் பள்ளிகளும் உண்டு. 1956-ல் தொடங்கிய அமெரிக்க மெடிக்கல் அசிஸ்டன்ட் சங்கம் ஒரு சான்றிதழ் தருகிறது. நேஷனல் ஹெல்த்கேரியர் அசோசியேஷன் 'கிளினிக்கல்' என்ற அடைமொழியோடு இன்னொன்று தருகிறது. இந்த இரண்டாவதன் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். அதில் 150-க்குத்தான் மதிப்பெண். மீதி 30 வருங்காலத் தேர்வுக்கான சோதனைக் கேள்விகள், எவை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. தேர்வைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஊசி பிடிக்கும் கை நடுங்குகிறதா என்று கணினித் திரைக்குத் தெரியாது.

முதலில் கற்றுத்தரும் வேலைகளில் ஒன்று பிரஷர் எடுப்பது. பார்க்க எளிது. கையில் பட்டையைச் சுற்றி, பல்பை அமுக்கிக் காற்றேற்றி, மெல்ல இறக்க வேண்டும். முதல் 'டப்' கேட்கும்போது முள் நிற்கும் இடம் மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண். 1905-ல் நிக்கோலாய் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன முறை இது. மாணவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகுவார்கள். முதலில் ஒன்றுமே கேட்காது. கேட்பதெல்லாம் சட்டைக் கை உரசுவதும், ரப்பர் குழாய் மேஜையில் இடிப்பதும்தான். சத்தம் பிடிபடத் தொடங்கியதும் அடுத்த சிக்கல்: காற்றை நொடிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் இறக்க வேண்டும் என்பது விதி. அந்த வேகத்தில் முள் 160-லிருந்து 80-க்கு வர 40 விநாடி பிடிக்கும். அடுத்த நோயாளி வெளியே உட்கார்ந்திருக்கையில் 40 விநாடி மிக நீளம். பெருவிரல் தானாகத் திருகைத் தளர்த்திவிடும், முள் விறுவிறுவென்று இறங்கிவிடும்.

அப்போதுதான் எண் காதிலிருந்து வராமல் கற்பனையிலிருந்து வருகிறது. முள் வைத்த கருவியில் கோடுகள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஆகவே கையால் எடுத்த பிரஷரில் ஒற்றைப்படை எண் வர வழியே இல்லை. 127/83 என்று எழுதித் தருகிற மாணவரைப் பயிற்றுநர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். ஒரு பக்கம் முழுக்க 120/80, 130/70, 140/90 என்று பூஜ்யமாக விழுந்திருந்தாலும் அதே பார்வைதான். பத்து பேர் பிரஷரும் பூஜ்யத்தில் முடிந்தால் அளந்தது பாதி, அடித்துவிட்டது பாதி.

இப்போது பெரும்பாலான கிளினிக்குகளில் பொத்தானை அமுக்கினால் தானே அளக்கும் இயந்திரம் வந்துவிட்டது. காதுக்கு வேலை குறைந்தது. தவறு வேறு இடத்துக்குப் போனது. நோயாளி ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கக் கூடாது. கை இதய மட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டை மேல் சுற்றக் கூடாது. நடப்பது என்ன? நோயாளி வராந்தாவில் நடந்துவந்து, எடை மேடையில் ஏறி இறங்கி, காகிதம் விரித்த உயரக் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த மறுநிமிடம் பட்டை ஏறிவிடுகிறது. கூடவே, 'எப்படி இருக்கீங்க, என்ன தொந்தரவு?' என்ற கேள்வியும். அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, இயந்திரம் அளந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 133 பேரை வைத்து அளந்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். கையை மடியில் வைத்தால் மேல் எண் சராசரியாக 3.9 கூடுகிறது, பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5. அதற்கு முந்தைய வருடம் அதே பல்கலைக்கழகம் பட்டையின் அளவைச் சோதித்தது. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் எண் 19.5 கூடுதலாகக் காட்டியது. அதாவது, நல்ல பிரஷர் உள்ளவர் நோயாளியாகி, வாழ்நாள் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். காரணம், பெரிய பட்டை அடுத்த அறையில் இருந்தது. எடுத்துவர யாருக்கும் நேரமில்லை.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரத்த அழுத்த நோயாளிகளில் எத்தனை பேர் 140/90-க்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை வைத்து இன்சூரன்ஸ் திட்டங்களுக்கு அங்கே தர மதிப்பீடு நடக்கிறது. கிளினிக்குகளையும் அந்த அழுத்தம் தொடுகிறது. ஒரே நாளில் பலமுறை அளந்தால் அவற்றில் மிகக் குறைந்த மேல் எண்ணையும், மிகக் குறைந்த கீழ் எண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆகவே 146 வந்தால் மறுபடி எடு என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். மறுபடி எடுப்பது தவறில்லை, நல்லதுதான். நோயாளி அமைதியான பிறகு வரும் எண்ணே பெரும்பாலும் மெய்யானது. ஆனால் 136 வந்தால் யாரும் மறுபடி எடுப்பதில்லை. கூடுதலாக வரும் எண்ணை மட்டும் சந்தேகப்படுவது அளவீடு ஆகாது. பாடப்புத்தகங்களில் இது இல்லை. வேலைக்குப் போனதும் யாராவது மூத்தவர் காதோடு சொன்னால் உண்டு.

ரத்தம் எடுக்கும் பாடத்துக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள், எல்லாரும் காத்திருப்பார்கள். முதலில் ரப்பர் கை. சிவப்புச் சாயத் தண்ணீர் ஓடும் அந்தக் கை நகராது, கத்தாது, மயங்கி விழாது. அதில் கைதேர்ந்த பிறகு பக்கத்து நாற்காலியில் இருக்கும் தோழியின் கை. முழங்கையின் உள்மடிப்பில் மூன்று ரத்தக்குழாய்கள் தேடப்படும். நடுவில் ஓடுவதற்குத்தான் முதல் மரியாதை. உள்பக்கத்தில் ஓடுவது கடைசி வழி. அதன் அருகில் தமனியும் கைக்குப் போகும் முக்கிய நரம்பும் இருக்கின்றன.

புதியவர்கள் கண்ணால் தேடுவார்கள். தோலுக்கு மேல் பச்சையாக ஒரு கோடு தெரிந்தால் ஊசியை அங்கே கொண்டுபோவார்கள். பயிற்றுநர் கையைத் தடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தேடச் சொல்வார். ஆள்காட்டி விரல் நுனியால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும்; துடித்தால் அது தமனி, விட்டுவிட வேண்டும். கட்டைவிரலால் தேடக் கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஆழத்தில், விரலுக்கு மட்டும் தட்டுப்படும் தடித்த குழாய்தான் நம்பகமானது. கண்டுபிடித்தபின் கீழே இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுக்காவிட்டால் வயதானவர்களின் ரத்தக்குழாய் ஊசி முனையைக் கண்டதும் நழுவிப் பக்கத்தில் போய்விடும். ஊசியின் வெட்டுவாய் மேலே பார்க்க, 15 முதல் 30 டிகிரி சாய்வில் தயங்காமல் உள்ளே போக வேண்டும். மெல்லக் குத்தினால் வலிக்காது என்று நினைத்துத் தயங்குகிறவரின் ஊசிதான் அதிகம் வலிக்கிறது.

ரத்தம் வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. டியூப்களை நிரப்ப ஒரு வரிசை உண்டு. வெளிர்நீல மூடி முன்னால், சிவப்பும் தங்க நிறமும் அடுத்து, பச்சை, பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் வேறு வேறு வேதிப்பொருள். ஊதா மூடிக்குள் பொட்டாசியம் கலந்த இடிடிஏ இருக்கிறது. அதை முதலில் நிரப்பினால் ஊசி வழியாக ஒரு துளி அடுத்த டியூபுக்குப் போனாலும், அந்த ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தும் கால்சியம் சரிந்தும் காட்டலாம். இதயம் நின்றுவிடக்கூடிய அளவு பொட்டாசியம் என்று லேப் அவசரமாகப் போன் செய்யும். நோயாளியோ வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கையை மூடித் திற, மூடித் திற என்று சொல்வதும் பொட்டாசியத்தைக் கூட்டும். பழைய பழக்கம், இன்னும் போகவில்லை. ரத்தக்குழாய் எழும்பக் கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியே வைப்பதும் ரத்தத்தின் அளவுகளைக் கெடுக்கும். ஊதா டியூபை எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். பெயர்ச் சீட்டை நோயாளியின் முன்னாலேயே ஒட்ட வேண்டும். மேஜைக்குக் கொண்டுபோய் ஒட்டிக்கொள்ளலாம் என்று நாலு டியூபைப் பையில் போடுகிறவரைப் பயிற்றுநர் அங்கேயே நிறுத்தி, அத்தனையையும் குப்பையில் போடச் சொல்வார்.

என்ன செய்யலாம், என்ன கூடாது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிபோர்னியாவில் உரிமம் தேவையில்லை. ஆனால் ஊசி போட 10 மணி நேரமும் ரத்தம் எடுக்க 10 மணி நேரமும் பயிற்சி பெற்று, தசையில், தோலுக்கடியில், தோலுக்குள் என்று ஒவ்வொரு வகை ஊசியும் குறைந்தது 10 முறை சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் அரசிடம் பதிந்து சான்று பெற வேண்டும். எங்கே போனாலும் மாறாத கோடு ஒன்று: நோய் இன்னதென்று முடிவு சொல்வது இவர் வேலை இல்லை.

கேட்கச் சுலபம். நியூஜெர்சியில் ஒரு கிளினிக்கில் தமிழ் பேசும் அசிஸ்டன்ட் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கும் அம்மா ஒருவர் உள்ளே வருகிறார். வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே தமிழ்க் குரலே கேட்காதவர். பட்டையைக் கழற்றும்போதே கேட்பார்: "ஏம்மா, பிரஷர் கூடியிருக்கா?"

"நூத்தி நாப்பத்தாறும்மா. டாக்டர் வந்து பாத்துட்டுச் சொல்வாங்க."

"கூடியிருக்கான்னுதானே கேட்டேன்?"

எண்ணைச் சொல்லலாம். கூடியிருக்கிறதா, பயப்பட வேண்டுமா, ஊரில் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாமா என்று சொல்லக் கூடாது. பதில் தெரிந்திருந்தும் வாயைக் கட்டிக்கொள்வது சின்ன வயதிலிருந்து பெரியவர்களுக்கு உடனே பதில் சொல்லிப் பழகியவருக்குக் கஷ்டமான பாடம். இதற்கு நடுவில் டாக்டர் எட்டிப் பார்த்து, 'நீதான் தமிழாச்சே, கொஞ்சம் மொழிபெயர்த்துவிடேன்' என்பார். மத்திய அரசின் பணம் பெறும் மருத்துவமனையும் கிளினிக்கும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தங்கள் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம்; பெரும்பாலும் போனில் வருவார்கள். வீட்டுத் தமிழ் தெரிந்தவருக்கெல்லாம் சிறுநீரகச் செயல்பாட்டைத் தமிழில் விளக்க வந்துவிடாது. மரியாதையாக மறுத்து, போனை எடுத்துக் கொடுக்கத் தெரிந்திருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் கடைசியாக 160 மணி நேரம் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்க வேண்டும். பொதுவாகச் சம்பளம் கிடையாது. குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வருகிறவர்களும், மாலையில் இன்னொரு வேலைக்கு ஓடுகிறவர்களும் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். தாக்குப்பிடித்து வேலையில் சேர்ந்தால், அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2023 கணக்குப்படி நடுத்தர ஆண்டுச் சம்பளம் 42,000 டாலர். அந்த நாட்டு வீட்டு வாடகைக்கு இது தாராளமான தொகை அல்ல. நல்ல கை உள்ளவர்கள் சில வருடங்களில் நர்ஸிங் படிக்கப் போய்விடுவதில் வியப்பில்லை. வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு, அமெரிக்க உரிமத் தேர்வு எழுதிக்கொண்டே இந்த வேலை பார்ப்பவர்களும் உண்டு, அவர்களும் நிலைப்பதில்லை. ஆக, பழக்கிவிட ஆள் எப்போதும் தேவை, பழக்குவதற்கு மூத்தவர் எப்போதும் குறைவு.

இதற்காகச் சில மருத்துவமனைகள் அப்ரண்டிஸ் முறைக்குப் போயிருக்கின்றன. முதல் நாளிலிருந்தே சம்பளம், வேலையிலேயே பயிற்சி. கட்டணம் கட்டிப் படிக்க முடியாதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் சொல்லித்தருகிற மூத்த அசிஸ்டன்டுக்கும் அன்றைய நோயாளிகளின் பட்டியல் குறைவதில்லை. அவருடைய அட்டவணையில் சொல்லித்தருவதற்கென்று நேரம் ஒதுக்காத கிளினிக்கில், புதிதாக வந்த பெண் நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைக்கப் பழகப் போவதில்லை. எடை மேடையிலிருந்து இறங்கியதுமே பட்டையைச் சுற்றத்தான் பழகுவாள். அடுத்த வருடம் அவளே இன்னொருத்திக்குச் சொல்லித்தருவாள்.