மூணு படம், மூணு ரிவ்யூ

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசிக்காரனை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. ஐந்து கிலோமீட்டர்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் போதும். ஆனால் இந்த ஜூன் மாதம் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் கடையநல்லூர்க்காரன். "ஏல, செங்கோட்டைக்காரனும் வாரான். பேசாம கெளம்பி வா" என்று மட்டும் சொன்னான். நானும் செங்கோட்டைக்காரனும் பேசி அப்போது ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

(பெயர் போடாதே என்று ரெண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். அதனால் ஊர்ப் பெயரே போதும்.)

நாங்கள் போன நேரம் பேரருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. போலீஸ்காரர்கள் யாரையும் கிட்டே விடவில்லை. டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு கடை ஓரமாக உட்கார்ந்தோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கடையநல்லூர்க்காரன்தான், ஹாஸ்டலில் மூன்று பேரும் ஒரே லேப்டாப்பில் விடிய விடியப் பார்த்த விஷயத்தை எடுத்துப் போட்டான்.

"ஸ்டார் வார்ஸ் கடைசி மூணு படமும் ஏம்ல அப்பிடிச் சொதப்புச்சு?"

பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 2012இல் டிஸ்னி, லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தை சுமார் 405 கோடி டாலருக்கு வாங்கி, புதிதாக மூன்று படங்கள் எடுக்கப்போவதாக அறிவித்தது. 2015இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' வந்தது. 2017இல் ரையன் ஜான்சன் எழுதி இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடாய்'. மூன்றாவதை காலின் ட்ரெவாரோ இயக்குவதாக இருந்து, 2017 செப்டம்பரில் அவர் விலக, ஏப்ரம்ஸே திரும்பி வந்தார். 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' 2019 டிசம்பரில் வெளியானது. மூன்றுமே 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய படங்கள்தான். ஆனால் முதல் படம் 200 கோடிக்கு மேலே வசூலித்தது, மூன்றாவது 107 கோடியோடு நின்றது. இவ்வளவு காசு போட்டவர்கள் மூன்று படத்துக்கும் சேர்த்து ஒரு கதையை முதலிலேயே முடிவு செய்யாமலா இறங்கினார்கள் என்றுதான் ரசிகர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

நான் ஏப்ரம்ஸ் கட்சி. செங்கோட்டைக்காரன் ஜான்சன் கட்சி. ஒன்றரை மாதக் கோபத்தையும் மறந்து ரெண்டு பேரும் ஆரம்பித்துவிட்டோம்.

முதல் படத்தின் கடைசிக் காட்சியில் நாயகி ரே, ஒரு தீவின் உச்சி வரை ஏறிப்போய் லூக் ஸ்கைவாக்கரிடம் அவருடைய பழைய ஒளிவாளை நீட்டுவாள். அதோடு படம் முடியும். ரெண்டு வருஷம் உலகமே காத்திருந்தது. ரெண்டாவது படத்தில் லூக் அந்த வாளை வாங்கி, அலட்சியமாகத் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிவார்.

"அது என்னல மரியாதை? ஒருத்தன் அவ்வளவு பில்டப் குடுத்து நீட்டுதான், இவன் தூக்கிப் போடுதான்" என்றேன்.

"அதுக்குப் பழி வாங்கத்தான் உங்க ஆளு மூணாவது படத்துல அதே லூக்க ஆவியா வரவச்சு, ரே தூக்கிப் போட்ட வாளப் பிடிச்சு, ஆயுதத்துக்கு மரியாதை குடுக்கணும்னு பேச வச்சாரோ?" என்றான் செங்கோட்டைக்காரன்.

அடுத்தது ரேவின் பெற்றோர் பிரச்சினை. முதல் படம் அதை மர்மமாக விட்டது. ரெண்டாவது படம், அவர்கள் மகளை விற்றுவிட்டுப் போன சாதாரண ஆட்கள் என்றது. மூன்றாவது படம், அவள் பால்பட்டீனின் பேத்தி என்றது. 1983 படத்திலேயே செத்துப்போன வில்லன் பால்பட்டீன்! அவன் எப்படி உயிரோடு வந்தான் என்பதற்கு ஒழுங்கான பதில்கூட இல்லை. ரெண்டாவது படத்தைக் கணக்கிலேயே சேர்க்காத ரசிகர்கள் உண்டு, மூன்றாவதைச் சேர்க்காதவர்களும் உண்டு. இதே குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., தன் ரசனைக்கு ஒட்டாத பாடல்களை இது கம்பன் பாட்டே இல்லை என்று ஒதுக்கினாரே, அந்த மாதிரி.

"ப்ளான் இல்ல, அவ்வளவுதான் மேட்டர்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். "ஏப்ரம்ஸே 2021ல ஒரு பேட்டில, திட்டம் எவ்வளவு முக்கியம்னு கத்துக்கிட்டேன்னு சொல்லிட்டாரு."

அதுவரை பஜ்ஜியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த கடையநல்லூர்க்காரன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ப்ளான் இல்லாததுதான் காரணம்னா, பழைய மூணு படமும் சொதப்பிருக்கணும்லா? 1980 படத்துல லியா லூக்குக்கு முத்தம் குடுக்கா. 1983 படத்துல ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிங்கான். இதுல எங்கல ப்ளான் இருக்கு? வேடர்தான் லூக்கோட அப்பாங்கதே அந்த ரெண்டாவது படத்தோட முதல் டிராஃப்ட்ல கிடையாது. ஆனா மூணாவது படம் எடுத்தவங்க, வேடர் சும்மா பொய் சொன்னான்னு ஒத்த வரில கழண்டிருக்கலாம். கழண்டுக்கல. முன்னாடி படம் சொன்னத ஏத்துக்கிட்டு அதுக்கு மேல கட்டுனாங்க."

நாங்கள் பேசாமல் இருந்தோம்.

"நம்மூரையே எடுத்துக்கோ. எந்திரனுக்கு வசனம் எழுதுன சுஜாதா 2008 பிப்ரவரில இறந்துட்டாரு. படம் வந்தது 2010 அக்டோபர். மிச்ச வசனத்துல கைகுடுத்தது சங்கரும் மதன் கார்க்கியும். கார்க்கி அப்ப அண்ணா யூனிவர்சிட்டில பாடம் நடத்துன ஆளு. எங்க சுஜாதா முடிஞ்சாரு, எங்க கார்க்கி ஆரம்பிச்சாருன்னு உன்னால காட்ட முடியுமா? புதுசா வந்தவரு தன் கெத்தக் காட்ட முன்னாடி எழுதுனத மாத்திருந்தா காட்டிருக்க முடியும்."

டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னான்: "நம்ம ப்ராஜெக்ட்டும் அதாம்ல."

அவன் எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. அவன் இறந்துபோனான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தச் செய்தியைக் கேட்டுப் பதறாதவர்கள் இல்லை. அதனால்தான் ஆறாம் செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு நாங்கள் வேறு தலைப்பை யோசிக்கவே இல்லை. அருவிக்கு மேலே ஓடையில் நீர்மட்டத்தை அளந்து, கீழே குளிப்பவர்களுக்கு முன்கூட்டியே சைரன் அடிக்க வேண்டும்.

முதல் ரிவ்யூவைக் கடையநல்லூர்க்காரன் பார்த்துக்கொண்டான். அல்ட்ராசோனிக் சென்சார், காட்டுக்குள் மொபைல் சிக்னல் கிடைக்காது என்பதால் லோரா ரேடியோ, கூடவே ஒரு மழைமானி. ரெண்டாவது ரிவ்யூ செங்கோட்டைக்காரனுடையது. அவன் யாரிடமும் கேட்காமல் மழைமானியைக் கழற்றிவிட்டான். ஆனால் நல்ல யோசனை ஒன்றைச் சேர்த்தான். தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பார்ப்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று அதற்குத் தனியாக கோட் எழுதினான். ரிவ்யூவில் அவனை எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்றாவது ரிவ்யூ என்னுடையது. அவனுடைய கோட் டெமோவில் ரெண்டு மூன்று தடவை தேவையில்லாமல் சைரன் அடித்தது. அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் டெலீட் செய்தேன். இந்த உயரம் தாண்டினால் சைரன் என்று ஒரே ஒரு கோடு. தப்பாக அடிக்கக் கூடாது என்பதற்காக, முப்பது நொடிக்கு ஒன்றாக மூன்று அளவுகள் தொடர்ந்து கோட்டைத் தாண்டினால்தான் அடிக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகான மொபைல் ஆப் வேறு.

ரிவ்யூ அன்று கைடு ஒரு வாளித் தண்ணீரை எடுத்து எங்கள் மாடல் தொட்டியில் ஒரேயடியாக ஊற்றினார். தொட்டி நிரம்பியது. ஆப் பச்சையிலேயே இருந்தது. எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கிட்டத்தட்ட ஒன்றரை நிமிஷம் கழித்துச் சைரன் அடித்தது.

"போன ரிவ்யூல இதுக்கு உங்ககிட்ட ஒரு பதில் இருந்துச்சே, அது எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார்.

செங்கோட்டைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அவனைக் குற்றாலத்தில்தான் பார்க்கிறேன். ஏழாம் செமஸ்டர் ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு டீம் பெயர் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அவன் வேறு டீமில் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று காதில் விழுந்திருந்தது.

அருவிச் சத்தத்தில் மெதுவாகப் பேச முடியாது. கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். "ஃபால்ஸ் அலாரத்துக்காக மட்டும் நான் டெலீட் பண்ணலல. ரெண்டாவது ரிவ்யூல உன்னைய மட்டும் பாராட்டுனாங்க. எனக்கு அது பொறுக்கல."

"தெரியும்" என்றான், அருவியைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் கழித்துக் கடையநல்லூர்க்காரன் பக்கம் திரும்பினான். "ஒம் மழைமானியத் தூக்குனப்ப நானும் உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலலா?"

"கேக்கல."

"எங்க வீட்டுப் பரண்லதான் கெடக்கு. நாளைக்கு எடுத்துட்டு வாரேன்."

சாயங்காலம் தண்ணீர் குறைந்து குளிக்க விட்டார்கள். குளித்தோம்.

இப்போது ஏழாம் செமஸ்டர். அதே மூன்று பேர், அதே தலைப்பு. மழைமானி திரும்ப வந்துவிட்டது. வேகத்தைப் பார்க்கும் கோட் கிட்டில் பழைய கமிட்டில் பத்திரமாக இருந்ததால் அதையும் மீட்டுவிட்டோம். நான் போட்ட மூன்று அளவுக் காத்திருப்பை மாற்றி, தண்ணீர் வேகமாக ஏறினால் முதல் அளவிலேயே மஞ்சள், அடுத்த அளவில் சைரன் என்று வைத்திருக்கிறோம். அளவுகளும் இனி ஐந்து நொடிக்கு ஒருமுறை. கூடவே ஒரு நோட்டு. யார் எதை, எதற்காக வைத்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். மற்ற ரெண்டு பேரிடமும் கேட்காமல் யாரும் எதையும் எடுக்கக் கூடாது.

அடுத்த வருஷம் இந்த ப்ராஜெக்ட்டை எடுக்கப்போகும் ஜூனியர்களே, நோட்டு லேப் அலமாரியில் இருக்கும். எங்கள் முடிவுகளில் உங்களுக்குப் பிடிக்காதது நிறைய இருக்கலாம். மாற்றுங்கள், ஆனால் படித்துவிட்டு மாற்றுங்கள்.

'லாஸ்ட் ஜெடாய்' நல்ல படம் என்பதை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. செங்கோட்டைக்காரன் அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.