காசுக்கும் ஓர் ஊர் உண்டு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவில், இணுவில், மருதனார்மடம் ஆகிய ஊர்களைக் கடந்து சுன்னாகத்தை அடைவர். அங்கே சந்தையின் இரைச்சலை விட்டு மேற்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால், ஆரவாரமில்லாத ஒரு கிராமம் வரவேற்கும். பனங்கூடல்களும், தோட்டங்களும், வயல்களும் சூழ்ந்த அக்கிராமமே கந்தரோடை. மாரிகாலத்தில் மாத்திரம் நீரோடும் வழுக்கியாறு அதன் அயலாகச் செல்கின்றது. புதிதாக வருபவன், இதுவும் வலிகாமத்து ஊர்களுள் ஒன்று என்று எண்ணிக் கடந்து போய்விடக்கூடும். ஆயினும் இலங்கையின் வடபாகத்துப் பழஞ் சரித்திரத்தை ஆராயப் புகுந்தோர் எவரும் இவ்வூரில் கால் வையாது சென்றதில்லை.

வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்ட ஒரு நிலத்தில், முருகைக்கல்லாலான தூபிகள் சிறியனவும் பெரியனவுமாக நெருங்கி நிற்கின்றன. பௌத்த சமயம் இங்கு நிலவிய காலத்தின் சின்னங்கள் அவை. வருவோர் பெரும்பாலும் அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். ஆனால் இவ்வூரின் பழைமைக்கு மற்றொரு வகைச் சாட்சியும் உண்டு. அது கையடக்கமானது, சிலவேளை விரல் நகத்திலும் சிறியது. இங்கு கிடைத்த பழங்காசுகளையே குறிப்பிடுகின்றேன்.

மண் காத்த பொருள்

சிவில் சேவை உத்தியோகத்தரும் சரித்திர ஆசிரியருமான போல் ஈ. பீரிஸ் அவர்கள் 1917ஆம் ஆண்டு முதலாகக் கந்தரோடையை ஆராய்ந்து, தாம் கண்டவற்றை அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளியிட்டார். பின்னர் 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையைச் சேர்ந்தோர் இங்கு அகழ்வு நடத்தினர். தென்னிந்தியாவின் பெருங்கற்காலக் குடியிருப்புக்களில் காணப்படுவன போன்ற கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் கீழ்ப்படைகளிலிருந்து வெளிப்பட்டன. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்பது அதனால் தெளிவாயிற்று.

இத்தகைய மண்ணிலே மூன்று வகைக் காசுகள் கிடைத்துள்ளமை கருதத்தக்கது.

முதலாவது வகை, முத்திரையடித்த வெள்ளிக் காசு. வெள்ளித் தகட்டைத் துண்டாக வெட்டி, நிறை சரிபார்த்து, சூரியன், மரம், மலை, விலங்கு முதலிய அடையாளங்களைத் தனித்தனி அச்சினால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்திருப்பர். அரசன் பெயரோ எழுத்தோ அதில் இராது. ஏறக்குறைய மூன்றரைக் கிராம் நிறையுள்ள இக்காசு, பாரத நாடெங்கும் செல்லுபடியாயிற்று.

இரண்டாவது வகை, இலட்சுமி பொறித்த செப்புத் தகடு. இது வட்டமன்று, நீள்சதுரம். தாமரைமீது தேவி நிற்க, இருபுறமும் யானைகள் நீர் சொரியும் காட்சி ஒரு பக்கத்திலும், பீடத்தின்மீது நாட்டிய சுவஸ்திகம் மறுபக்கத்திலும் காணப்படும். இது காசுதானா, அன்றி மக்கள் மங்கலமாகக் காத்து வைத்த தகடா என்னும் விவாதம் அறிஞரிடையே உண்டு.

மூன்றாவது வகை உரோமர் காசு. கடல் கடந்து வந்த இச்சிறு செப்புக் காசுகளில் சக்கரவர்த்தியின் தலையுருவம் பொறிக்கப்பட்டிருக்கும். இத்தீவில் அவை நிரம்பப் புழங்கின என்பதற்கு ஒரு சான்று, அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த போலிக் காசுகளும் கிடைப்பதாகும்.

இம்மூன்றையும் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டால் அவை மூன்று அழகிய பொருள்கள், அவ்வளவே. கந்தரோடை மண்ணில் கிடைத்தன என்று அறிந்தபோதோ, வட இந்தியாவோடும் மேல்நாட்டோடும் கொடுக்கல் வாங்கல் செய்த ஒரு பழைய ஊர் நம் கண்முன் எழுகின்றது. காசு ஒன்றே, கிடைத்த இடம் தெரிந்தால் அது பேசுகின்றது, தெரியாவிடில் ஊமையாகி விடுகின்றது.

நந்தியும் விளக்கும்

இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிற்காலத்ததான சேதுக் காசு. செம்பாலான இக்காசின் ஒருபுறத்தில் நின்ற கோலத்தில் ஒரு மனித உருவமும் அதன் மருங்கில் விளக்குகளும் உள்ளன. மறுபுறத்தில் நந்தி படுத்திருக்க, மேலே பிறைச் சந்திரனும், கீழே தமிழெழுத்தில் ‘சேது’ என்னும் சொல்லும் காணப்படும்.

யாருடைய காசு இது? சேது என்றவுடன் இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் நினைவு எழுவது இயல்பே. ஆனால் இவற்றை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுக்கு உரியனவாகக் காட்ட முற்பட்டோர் பலர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920ஆம் ஆண்டில், யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இலங்கை நாணயங்கள் அனைத்தையும் தொகுத்து 1924இல் பெருநூல் வெளியிட்ட கொட்றிங்டன் துரையும், 1926இல் யாழ்ப்பாணச் சரித்திரத்தை எழுதிய முதலியார் செ. இராசநாயகமும் இக்காசுகளை ஆராய்ந்தனர்.

முடிவுக்கு உதவியவை மூன்று. ஒன்று, இக்காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன் அயலிலும் கிடைத்தமை. இரண்டு, கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமவில் அகப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ‘சேது’ என்ற சொல்லோடு தொடங்கி, சிங்கைநகர் ஆரியனைக் குறிப்பிடுகின்றமை. மூன்று, காசின் அமைப்பு. நிற்கும் அரசன் உருவம் இலங்கைக் காசுகளில் வழங்கிய மரபு. இராசராச சோழன் பெயர் தாங்கி இத்தீவில் வழங்கிய காசுகளிலும், பொலன்னறுவை, தம்பதெனிய மன்னர் காசுகளிலும் அதே உருவத்தைக் காணலாம். அரசி லீலாவதியின் காசில்கூட உருவம் மாறவில்லை. எழுத்தை வாசித்தாலன்றி அது பெண்ணரசி ஒருத்தியின் காசென்று அறிதல் அரிது. சேதுக் காசு அம்மரபை ஏற்று, பின்புறத்தில் நந்தியை இருத்தி, அங்கு வழங்கிய நாகரி எழுத்துக்குப் பதிலாகத் தமிழைப் பொறித்தது. சேதுபதிகளோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலையெடுத்தவர்கள். இக்காசின் அமைப்பு அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றோர் அண்மைக் காலத்திலும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்துள்ளனர்.

சுன்னாகத்தில் ஒரு மாலை

காசுகளின் உருவங்களை ஆராய்வது அறிஞர்க்கு மாத்திரம் உரியதன்று. கந்தரோடையைக் கண்டபின், சுன்னாகத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடும் காசு அன்பர் சிலரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர், தபாற்கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர், உயர்தர வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி என, மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோர் ஐந்தாறு பேருக்கு மேலில்லை. தட்டாரிடம் உருக்குவதற்கு வந்து தப்பியவை, பாட்டியின் பெட்டகத்தில் கிடந்தவை என, அவர்கள் சேர்த்தவற்றுக்கு ஒவ்வொரு கதை உண்டு.

அன்றைய விவாதம் ஒரு சேதுக் காசைப் பற்றியது. அரசன் உருவத்தின் பக்கத்தே மேலெழும் கோடு ஒன்று பாதியில் அறுபட்டு நின்றது. அது சூலம் என்றார் தபாற்கந்தோர் அன்பர்.

“தம்பி, அதை வெளிச்சப் பக்கமாய்ச் சரித்துப் பிடியும் பாப்பம்,” என்றார் ஆசிரியர்.

காசு கைக்குக் கை மாறிற்று. “மாஸ்ரர், இது சூலமில்லை,” என்றாள் மாணவி. “அடியிலே பீடம் தெரியுது. சூலத்துக்கு ஏன் பீடம்? இது குத்துவிளக்கு.”

ஆசிரியர் விடை கூறவில்லை. உள்ளே சென்று பழைய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். மெல்லிய கடதாசியைக் காசின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதிகள் பக்கந்தோறும் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றுள் சேதுக் காசுகள் மட்டும் பத்துக்கு மேல். ஒன்றில் விளக்கின் அடி, இன்னொன்றில் நடுத்தண்டு, வேறொன்றில் மேலேயுள்ள சுடர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது முழு விளக்கும் விளங்கிற்று. தபாற்கந்தோர் அன்பர் சிரித்தபடி தம் கட்சியை விட்டுக் கொடுத்தார்.

அவர் பின்னர் விளக்கிய காரணம் மாணவர் அறியத்தக்கது. அக்காலத்துக் காசுகள் கையினால் அடிக்கப்பட்டவை. அச்சின் முகம் அகன்றதாகவும் செப்புத் துண்டு சிறியதாகவும் இருந்தமையால், அச்சிலுள்ள சித்திரம் முழுவதும் ஒரு காசில் விழுவது அரிது. ஒன்றில் இடப்பக்கம் விழும், ஒன்றில் வலப்பக்கம். ஆகவே ஒருவர் கையிலுள்ள ஒரு காசைக் கொண்டு முழுச் சித்திரத்தையும் அறிய இயலாது. பலர் தத்தம் காசுகளைக் கொண்டுவந்து அருகருகே வைத்தாலே அச்சு வெட்டிய கம்மாளன் வரைந்தது இன்னதென்று தெரியவரும். காசைப் பெட்டியிற் பூட்டி வைத்துத் தனியே மகிழ்பவன் அதன் பாதியையே காண்கின்றான்.

அக்கொப்பியின் வரலாறும் கேட்கத்தக்கதே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவில், ஆசிரியரும் குடும்பத்தோடு நடந்தார். காசுகளை ஒரு தகரப் பேணியிலிட்டு வீட்டுக் கோடியில் புதைத்துவிட்டு, கொப்பியை மட்டும் உடுப்புப் பையினுள் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு திரும்பியபோது வளவு உழுதாற்போலக் கிளறிக் கிடந்தது; பேணியைக் காணவில்லை. முப்பது ஆண்டுத் தேட்டம் போயிற்று.

“காசு போச்சுது, கவலைதான்,” என்றார் அவர். “எண்டாலும் எது எங்கை கிடைச்சது, என்ன நிறை, என்ன சித்திரம் எண்டது எல்லாம் இதிலை இருக்கு. படிக்கிற பிள்ளையளுக்கு அது காணும்.”

ஒவ்வொரு பிரதியின் கீழும் ஊர், திகதி, கொடுத்தவர் விபரம், நகைத் தராசில் நிறுத்த நிறை ஆகியவை சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. பேணியை எடுத்தவர் எவராயினும், அவர் கையிற் கிடைத்தவை பழஞ் செப்புத் துண்டுகளே. அவற்றின் வரலாறு விறாந்தையிலிருந்த மேசைமேல் விரிந்து கிடந்தது.

சேர்ப்போர் கடமை

காசு சேர்க்க விரும்பும் இளைஞர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பழைய இடங்களைத் தோண்டிக் காசு தேடுதல் சட்டத்துக்கு மாறானது, சரித்திரத்துக்கும் கேடானது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இத்தகைய பொருள்களைப் பாதுகாக்கின்றது. நிலம் தன்னுடையது என்பதனால் மாத்திரம் அதனுள் மறைந்திருக்கும் பழம்பொருளும் தன்னுடையது என எவரும் உரிமை கொண்டாட முடியாது. தோட்டம் கொத்தும்போது தற்செயலாக ஏதேனும் அகப்பட்டால், கிடைத்த இடத்தைக் குறித்து வைத்துத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. உலோகங்காட்டும் கருவியோடு இரவில் அலைவோர் எடுப்பது ஒரு காசு. அழிப்பது ஒரு படை மண்ணிலுள்ள வரலாறு முழுவதையும்.

இரண்டாவது, காசைத் துலக்குதல் ஆகாது. பழப்புளியும் சாம்பலும் இட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலக் காசையும் துலக்கினால், பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். அழகாக மினுங்கும் காசு வாசிக்க முடியாத காசாகிவிடும்.

மூன்றாவது, தொடக்கத்திலேயே அரிய காசுகளை நாடவேண்டியதில்லை. விக்டோரியா இராணியின் தலை பொறித்த 1870ஆம் ஆண்டுச் சதக் காசு இன்றும் பல வீடுகளில் கிடக்கின்றது. அதன் மறுபுறத்தில் ஒரு மரமும், மரத்தின் இருமருங்கே சிங்கள, தமிழ் எழுத்துக்களும் உள்ளன. ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு கிடைத்தால், கும்பனியின் பின்னிய எழுத்துக்களோடு, அடிக்கப்பட்ட ஊரைக் குறிக்கும் எழுத்தும் உண்டா என்று பார்க்கலாம். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என நான்கு இடங்களின் எழுத்துக்கள் அவ்வாறு வழங்கின. வசதியுள்ளோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்கும், மத்திய வங்கியின் நாணய நூதனசாலைக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுதல் நலம்.

சுன்னாகத்து அன்பர்களிடம் விடைபெறும் நேரத்தில், 1870ஆம் ஆண்டுச் சதத்திலுள்ள மரம் பனையா, தாளிப்பனையா என்ற விவாதம் தொடங்கியிருந்தது. தென்னை என்பாரும் ஒருவர் இருந்தார். மாணவி தன் புதிய கொப்பியில் அக்காசைத் தேய்த்துப் பிரதியெடுத்து, அதன் கீழே, ‘மல்லாகம், அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.