அடி கழலாத தட்டு

மார்கழி பிறந்துவிட்டால் மானிப்பாய்ப் பாத்திரக் கடைகளுக்கு ஒரு தனிக்களை உண்டாகிவிடுகின்றது. முன்னே நத்தார், பின்னே தைப்பொங்கல், அதன் பின்னே வரிசையாகக் கலியாணங்கள். அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பின்னர், சைவரும் கிறிஸ்தவரும் ஒரே வேலியின் இருபுறமும் வாழப் பழகிக்கொண்ட ஊர்களில் மானிப்பாயும் ஒன்று. நத்தாருக்கு அந்த வீட்டுக் கேக் இந்த வீட்டுக்கு வரும். பொங்கலுக்கு இந்த வீட்டுப் பலகாரம் அந்த வீட்டுக்குப் போகும். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பது இவ்வூர்ப் பெண்களின் எழுதாச் சட்டம்.

தையிலே மணமுடிக்கவிருக்கும் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி கேக் செய்வதில் பேராசை உள்ளவள். அவளுக்கு ஏற்ற பரிசு தேடி, எமது பெரிய மாமியையும் அழைத்துக்கொண்டு கடையேறினோம்.

கடையின் முகப்பிலே கண்ணாடி அலுமாரி. அதற்குள் இருந்த பண்டங்களைக் கண்டால் சமையலறைப் பக்கமே எட்டிப் பாராத ஆண்களுக்குங்கூட ஆசை பிறக்கும். இருதய வடிவில் ஒரு தட்டு. நட்சத்திரம், பிறை, மீன் என்று பிஸ்கற் வெட்டும் அச்சுக்கள். ஐசிங் பூ வைக்கும் குழல்முனைகள், சிறு பெட்டியொன்றில் வரிசையாக. றப்பரைப்போல் வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் அச்சுக்கள். கேக் வெந்ததா என்று குத்திப் பார்ப்பதற்கென்றே ஒரு நீண்ட உலோக ஊசியும் இருந்தது. அதன் விலையைக் கேட்ட மாமி வாய்விட்டுச் சிரித்தார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கழுவிக் குத்திப் பார்த்தே அறுபது ஆண்டுகளாகக் கேக் செய்தவர் அவர்.

அலுமாரிக்கு அப்பால், நிலத்திலும் கூரையிலுமாக, நமக்குப் பழக்கமான உலகம். இடியப்ப உரல், முறுக்கு உரல், அரிதட்டு, சருவச்சட்டி, திருவலை, கொத்துக்கொத்தாய்த் தொங்கும் நீத்துப்பெட்டிகள். இவற்றின் நடுவே நிற்கும்போது யாழ்ப்பாணத்துச் சரித்திரம் முழுவதும் குசினிக்குள் வந்து குடியிருப்பதை உணரலாம். குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதுதான். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்து போனார்கள். ஆயின் பாணும் போறணையும் தாச்சியும் போகவில்லை. சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸ் என்னும் அச்சுப் பலகாரத்தின் பெயர் ஒல்லாந்தச் சொல். வேற்று மொழி மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய டொக்டர் கிறீன் அவர்கள் 1848 இலிருந்து வைத்தியம் செய்த இதே ஊரில், கேக்குக்கு மாத்திரம் ஒரு நல்ல தமிழ்ப் பெயர் இன்னும் நிலைக்கவில்லை! பேக்கரிக்கு வெதுப்பகம் என்ற அழகான பெயர் பலகைகளில் ஏறிவிட்டது. கேக் என்னவோ கேக்காகவே இருக்கின்றது.

நிற்க. அலுமாரியில் இருந்தவற்றுள் எமக்கு மெய்யாகவே பிடித்தது அளவுக் கிண்ணத் தொகுதி ஒன்று. ஒரு கிண்ணம், அரை, கால் என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது. சமையலில் இவ்வாறு தலைதட்டி அளக்கும் வழக்கத்தை ஊரறியச் செய்தவர் பொஸ்ரன் நகரத்துச் சமையற் கல்லூரியைச் சேர்ந்த ஃபனி ஃபார்மர் என்னும் அம்மையார். அவருடைய நூல் 1896 இல் வெளிவந்தது. எமது ஊருக்கு மிசனரிமாரை அனுப்பிய சங்கத்தின் தலைமையகமும் அதே பொஸ்ரனில்தான் இருந்தது. வேதமும் வைத்தியமும் அங்கிருந்து சீக்கிரம் வந்தன. கிண்ணம் வரத்தான் நெடுநாள் சென்றது. நமது பெண்கள் கொத்தாலும் சுண்டாலும் அளந்தார்கள். கேக்குக்கு மட்டும் இறாத்தல். ஓர் இறாத்தல் பட்டர், ஓர் இறாத்தல் சீனி, ஓர் இறாத்தல் மா. இறாத்தல் என்பது 454 கிராம். கடையிலே கிராமில் வாங்கி, கனடாவிலிருந்து மைத்துனி கிண்ணக் கணக்கில் அனுப்பிய குறிப்பைப் பார்த்து, பாட்டியின் இறாத்தல் கேக்கைச் செய்ய முயலும் இளம் பெண்ணின் திண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. ஆகவே அந்தக் கிண்ணத் தொகுதியை எடுத்து ஒரு பக்கம் வைத்தோம்.

அடுத்ததாகக் கேக் தட்டு. கடைக்காரத் தம்பி மிக விலையுயர்ந்த ஒன்றை எடுத்து வைத்தார். கரிய நிறம்; பக்கத்திலே கொளுவி; அதைத் திறந்தால் சுற்றுச் சுவர் விரிந்து அடி தனியே கழன்று வரும். மாமி அதைக் கையில் ஏந்திப் பாரம் பார்த்தார். விரலால் அடியைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ளை ஒருக்காத் தண்ணி விட்டுப் பாரும்."

"அம்மா, இது அடி கழலுற தட்டு. தண்ணி விட்டால் ஒழுகுந்தானே! கேக்கை உடையாமல் எடுக்கத்தான் இப்பிடிச் செய்திருக்கிறாங்கள்."

"அடி கழலுறதைக் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகேலாது. வேறை எடும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்ன காரணம் எமக்குத் தெரியும்.

1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. அக்காலத்திலும் மாமி பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்தார். பெரிய தாச்சியிலே மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, தகரத்தால் மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணல் இட்டு, கீழும் மேலுமாகச் சூடு கொடுப்பது அவர் முறை. சூடு போதுமா என்று அறிய ஒரு சிட்டிகை மாவை மணலில் தூவுவார்; அது எவ்வளவு நேரத்தில் பொன்னிறமாகின்றது என்பதே அவருக்கு வெப்பமானி. மெல்லிய தகரமாயின் அடி கருகிவிடும். தடித்த அலுமினியம் சூட்டை எங்கும் ஒரே சீராகப் பரப்பும். எனவே அவரிடம் இருந்தது தடித்த, ஒரே வார்ப்பான வட்டத் தட்டு.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறிற்று. மழை. நாவற்குழிப் பக்கம் நோக்கி இலட்சக்கணக்கான மக்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர். பித்தளைக் குடம், பெயர் பொறித்த செம்பு, மூக்குப்பேணி, கிடாரம் எல்லாம் வீட்டில் நின்றுவிட்டன. சைக்கிளின் பின்னே கட்டிய உரப் பையிலே உடுதுணியுடன் அந்தக் கேக் தட்டும் வந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை நனையாமல் வைக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டதே காரணம். தென்மராட்சியில் தங்கிய மாதங்களில் சான்றிதழ்களை வெளியே எடுத்துவிட்டு, அதிலே கஞ்சி காய்ச்சினார். அடுத்த ஆண்டு வீடு திரும்பியபோது குசினியில் வெறும் அடுப்பே மிஞ்சியிருந்தது. 2022 இல் எரிவாயு கிடையாமல் நாடே வரிசையில் நின்ற வேளையிலும், அதே தட்டு மறுபடியும் தணலுக்குப் போனது.

தம்பி அலுமாரியை விட்டு உட்பக்கம் போய், தூசு படிந்த ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். கொளுவி இல்லை, பூச்சு இல்லை, அழகும் இல்லை. கையில் எடுத்தால் பாரம். இம்முறை மாமி கேட்பதற்கு முன்னரே அவர் தண்ணீர் வார்த்துக் காட்டினார். விலை முன்னையதில் அரைவாசிகூட இல்லை.

கிண்ணத் தொகுதியைத் தட்டுக்குள் வைத்தோம். கூரையில் தொங்கிய நீத்துப்பெட்டிகளுள் ஒன்றையும் மாமி இறக்குவித்தார். பனையோலைப் பின்னல் நீராவியை வெளியே விடும். ஆதலால் பிட்டு நீர்கோத்துக் களியாவதில்லை. எத்தனை வகை உலோகப் பானைகள் வந்தும் அதற்கு ஈடு இன்னும் வரவில்லை என்பது எமது துணிபு. இழைப்போர் தொகை குறைந்து வருகின்றது என்று தம்பி சொன்னார். கூம்பின் முனையை முடிப்பதுதான் கடினமாம்.

மினுமினுக்கும் கடதாசியில் எல்லாவற்றையும் சுற்றித் தருவதாகச் சொன்னார். மாமி சம்மதித்தார், ஆனால் சுற்றுமுன், கைப்பையிலிருந்து சுத்தமாய்ச் சீவிய ஈர்க்குகள் நாலைந்தை எடுத்துத் தட்டுக்குள் போட்டுவிட்டார்.