லாரி நிற்கிற கடை

நாமக்கல்லில் முப்பத்தோரு வருடம் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிரைவர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, ரோட்டுல பசிச்சா போர்டைப் பார்க்காத, லாரி நிக்குதான்னு பாரு. பஸ் நிக்கிற கடைக்கு மட்டும் போயிடாத." பஸ் நிற்கிற மோட்டலில் பஸ்காரருக்குச் சாப்பாடு இலவசம். பயணிக்கு வேறு போக்கு இல்லை. ஆறிப்போன தோசைக்குக் கடைக்காரன் கேட்டதுதான் விலை. லாரிக்காரர் தன் பேட்டா காசில் சாப்பிடுகிறவர். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்கு வண்டியை விட்டுவிடுவார்.

எழுபத்தொரு வயதில் மகளைப் பார்க்க அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் போனேன். பிப்ரவரியில் போய் ஜூலையில் திரும்பினேன். போன முதல் சனிக்கிழமையே, "அப்பா வந்திருக்காரு" என்று மகள் ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். கார் நிறுத்துமிடமே எங்கள் ஊர்ச் சந்தைப்பேட்டை அளவு இருந்தது. மெனு கார்டு கல்யாணப் பத்திரிகை போலப் பளபளத்தது, பக்கம் பக்கமாக. அதில் இத்தாலி, சீனா, மெக்சிகோ எல்லாம் இருந்தன. பிட்ஸ்பர்க் மட்டும் இல்லை. வந்த காய்கறிகள் வெந்நீரில் குளித்துவிட்டு நேரே தட்டுக்கு வந்தவை.

"மாப்பிள்ளை, இந்தக் கடைக்கு யாருங்க வர்றாங்க?" என்றேன்.

"எல்லாருந்தான் வர்றாங்க மாமா."

"சரி, இந்த ஊர்ல லாரி எங்க நிக்கும்?"

மாப்பிள்ளை சிரித்தார். ஆனால் நினைவில் வைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை, விடியும் முன்பே எழுப்பி, ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதிக்குக் கூட்டிப்போனார். அல்லெகெனி ஆற்றை ஒட்டி நாடா போல நீண்டு கிடக்கிற இடம். ஒரு காலத்தில் உருக்கு ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் இருந்தன, பிறகு மொத்தச் சந்தை வந்தது. 1926-ல் ரயில்வே கம்பெனி காய்கறி, பழங்களை ஏலம் விடக் கட்டிய கட்டடம் ஐந்து தெரு நீளத்துக்குக் கிடக்கிறது. 1902-ல் தொடங்கிய கம்பெனி நடத்தும் இத்தாலிய மளிகைக் கடை ஒன்று, பென் மாக் என்று கூப்பிடுகிறார்கள், அங்கே பாலாடைக்கட்டி வாசனை வாசலிலேயே வந்து கையைப் பிடிக்கும். பக்கத்தில் ஹோலீஸ் மீன் கடை, 1912-ல் தொடங்கியது.

அங்கேதான் ப்ரிமான்டி பிரதர்ஸ். 1933-ல், ராத்திரியெல்லாம் சரக்கு இறக்கிய லாரிக்காரர்களுக்காகத் தொடங்கிய ரொட்டிக் கடை. இரண்டு தடிமனான ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் இறைச்சி, பாலாடைக்கட்டி, முட்டைக்கோஸ் சாலட், தக்காளி, இவற்றோடு வறுத்த உருளைக்கிழங்கையும் உள்ளேயே வைத்து அமுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றும் வெளியே இல்லை. ஒரு கை ஸ்டீயரிங்கில் இருந்தால் மறு கையில் சாப்பிட வேண்டுமே, அதற்காகத்தான் என்று ஒரு கதை. குளிரில் உறைந்துவிட்டதோ என்று பயந்து ஒரு லாரிக்காரர் கொண்டுவந்த உருளைக்கிழங்கைச் சமையல்காரர் வறுத்துப் பார்த்தார், சாப்பிட வந்தவர்கள் கேட்டதும் ரொட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார், அப்படி வந்தது என்று இன்னொரு கதை. எது உண்மையானாலும் லாரிக்காரர்தான் காரணம் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை. மாடும் பன்றியும் எனக்குப் பழக்கமில்லை. நாமக்கல்காரனுக்கு முட்டை போதாதா? முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து வாங்கினேன். ஒரு கையால் பிடித்தால் மறு பக்கம் சரிந்தது. ஓட்டிக்கொண்டே தின்றவர்களுக்குக் கும்பிடு.

ருசிதான். ஆனால் வெளியே வந்து பார்த்தால் ஒரு லாரியும் இல்லை. ஏலக் கட்டடம் இப்போது கடைத் தெருவாகிவிட்டது. ப்ரிமான்டிக்கு ஊரெங்கும் கிளைகள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அண்ணன் சொன்ன விதி அங்கே பாதிதான் பலித்தது. லாரி போன பிறகு ஓர் ஊர் எங்கே சாப்பிடும் என்று அவர் சொல்லிவைக்கவில்லை.

அதற்குப் பதில் மார்ச்சில் கிடைத்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். அதனால் அந்த ஊர் முழுக்க தேவாலயங்களும் தீயணைப்பு நிலையங்களும் மீன் வறுக்கின்றன. எங்கெங்கே மீன் என்று வருடா வருடம் வரைபடம் போட்டுவிடுகிறார்கள் என்றால் பாருங்கள். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நீள மேசை, மடக்கு நாற்காலி. பன்னுக்கு வெளியே இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் காட் மீன். பக்கத்தில் ஹலுஷ்கி, அதாவது வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோசும் நூடுல்சும். பரிமாறியவர்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். நான் தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்த்து ஒரு பாட்டி புருவத்தைத் தூக்கினார். பாஷை தெரியாமலே புரிந்துவிட்டது, முழுதும் சாப்பிட்டேன். காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் என்னை யாரும் கண்டித்து எத்தனையோ வருடம் ஆகிறது.

அந்த ஊரின் ஜனத்தொகை 1950-ல் ஏறத்தாழ 6.77 லட்சம். 2020-ல் 3.03 லட்சம். உருக்காலைகளில் பெரும்பாலானவை எண்பதுகளில் ஒவ்வொன்றாக மூடின, ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல். வேலை தேடிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கோயிலுக்குக் கீழே அடுப்பைப் பற்றவைத்துக் கோயில் கூரையைக் காப்பாற்றுகிறார்கள். இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

கோயில் என்றதும் நினைவு வருகிறது. பிட்ஸ்பர்க்கை அடுத்த பென் ஹில்ஸில் ஒரு குன்றின் மேல் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. 1977-ல் கும்பாபிஷேகம், அமெரிக்காவின் ஆரம்பகாலக் கோயில்களில் ஒன்று. வேறு மாநிலங்களிலிருந்தெல்லாம் கார் ஓட்டி வருவார்கள். தரிசனம் முடிந்ததும் எல்லோரும் போவது ஒரே திசையில்தான்: கீழே, புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும். நானும் போனேன். நீள மேசை, மடக்கு நாற்காலி. மீன் வாசனைக்குப் பதில் பெருங்காய வாசனை, மற்றபடி அதே கூடம். "நம்ம சாப்பாடு எங்கே கிடைக்கும்" என்று வந்த நாள் முதல் மகளை நச்சரித்தவனுக்கு, புளியோதரையை விட அந்த நாற்காலி அதிகம் சொன்னது.

ஆலைகள் காலியான ஊருக்கு 2008 முதல் வேறொரு கூட்டம் வந்தது. பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு, நேபாள முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்த நேபாளி பேசும் குடும்பங்கள். பிரவுன்ஸ்வில் ரோட்டில் அவர்கள் கடைகள். ஒரு சின்னக் கடையில் கோழி மோமோ சாப்பிட்டேன். போர்டு மங்கலாக இருந்தது. உள்ளே வேலை உடுப்போடு வந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அண்ணன் உயிரோடு இருந்தால், "இது லாரிக் கடைதான் தம்பி" என்றிருப்பார். சமையல்கட்டு வாசலில் ஒரு அம்மாள் மாவை வட்டமாக்கிப் பூரணம் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிப்பாள், பார்க்காமலே விரல் ஓடும். அதே விரல் ஓட்டம். நான் நின்று பார்த்ததில் மோமோ ஆறிவிட்டது.

கிளம்புவதற்கு முன் ஒரு தேவாலயத்துக்குப் போனேன். சாப்பிட அல்ல, பியரோகி வாங்கி வர. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த ஸ்லாவியக் கொழுக்கட்டை அது, வெண்ணெயும் வெங்காயமும் விட்டுத் தருவார்கள். அங்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாவை அமுக்கிக்கொண்டிருந்தவர்கள் கிழவிகள்தான். கல்லாவில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். நாமக்கல் என்றால் அவருக்கு என்ன தெரியும்? எதற்குப் பேர்போன ஊர் என்றார்.

"முட்டை, லாரி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, "எங்களுக்கு உருக்கு இருந்தது" என்றார்.

ஒரு டஜனுக்குக் காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மகள் எண்ணினால் பதினான்கு இருந்தன. "தப்பா எண்ணிட்டாங்க போல" என்றாள்.

"தப்பில்ல கண்ணு," என்றேன். "கொசுறு."